ஒரே பக்கத்தில் அடங்கியது

ஒலிவாங்கி அவளுடைய உயரத்துக்கு இறங்க மறுத்தது. அதன் சொந்தக்காரர் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் கழுத்தைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். அது 'கீ' என்று கத்திவிட்டு அவள் வாய்க்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டது. "அண்ணாந்து பேசுங்கம்மா, கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணாந்து பேசுவதற்குப் பொருத்தமான கூட்டம்தான். எல்லாமே மேலே இருப்பவரைப் பார்த்து எழுதிய கவிதைகள்.

அவள் மேடையேறுவதாகவே இல்லை. நூல் வெளியீட்டு அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை என்று பதினோரு பேர் இருந்தார்கள். அரங்கில் மொத்தம் பத்தொன்பது பேர். அந்தப் பதினோரு பேரும் மேடையேறிவிட்டதால் கீழே எட்டே பேர், அதில் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். அவளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை தேநீர்க் குடுவையும் பிஸ்கட் தட்டுகளும். கவிதை வாசிக்க வரவேண்டிய கல்லூரிப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆய்வுரை ஆற்றவந்த பேராசிரியர் அதையும் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். "ஏன், சாரோட துணைவியாரே வாசிக்கட்டும்! இந்தக் கவிதைகளத் தட்டச்சு செஞ்ச கைகளே வாசிக்கட்டும்!" என்று முழங்கினார். கைதட்டினார்கள். கைகள் வாசிக்காது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்கியது. அதில் அவள் கணவரின் பெயர் இரண்டு முழத்துக்கு இருந்தது. கவிதைகளை எழுதிய பாதிரியாரின் பெயர், அச்சகத்தின் தொலைபேசி எண் அளவுக்கு இருந்தது. பாதிரியார் கோபித்துக்கொள்ள மாட்டார். மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் ஆடு மேய்ப்பவர்களுக்குப் பூசை வைத்து, அறுபத்தொரு கவிதை எழுதி, ஒன்றையும் அச்சில் பார்க்காமல் செத்துப்போய் நூறு வருடமாகிறது.

கணவரை ஊரில் 'கமா சார்' என்றுதான் சொல்வார்கள். முப்பத்து நான்கு வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். ஒரு கமாவைக் காப்பாற்றுவதற்காக ஒரு கொலை வழக்கையே மூன்று நாள் தள்ளிப்போட வைத்தவர். சாட்சி அழுதால் 'சாட்சி அழுகிறார்' என்று சொல்வாரே தவிர, குரலில் ஒரு துளி ஈரம் காட்டமாட்டார். "கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்பது அவருடைய மந்திரம். ஓய்வு பெற்றபின் நூலக மூலையில் இந்தப் பாதிரியாரைக் கண்டெடுத்து, நான்கு வருடம் உட்கார்ந்து தமிழாக்கினார். பாதிரியாரின் மொழி அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆங்கிலத்திலிருந்துதான் செய்தார். "மூலத்துக்கு விசுவாசமா இருக்கணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எந்த மூலத்துக்கு என்று கேட்கும் துணிச்சல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இருந்ததில்லை. தேநீர் நன்றாக இருக்கும்.

அவள் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சர். கண் தாளைப் பார்க்கும், விரல் தட்டும், மனசு எங்கேயாவது துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும். படித்துக்கொண்டே அடித்தால் தப்பு வரும் என்பது அவளுடைய தொழில் தர்மம். ஒருமுறை தன் இடமாற்ற உத்தரவையே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்டவள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அலுவலகம் பத்து வருடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். பாதிரியாரின் கவிதைகள் அத்தனையையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

இருவரும் இப்படி அடுத்தவர் சொற்களிலேயே காலம் தள்ளியதால், அந்த வீட்டில் சொந்தப் பேச்சு குறைவு. குறிப்பாக ஒரு பேச்சு இருபத்திரண்டு வருடமாக இல்லவே இல்லை. அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை மருத்துவர் வெளியே வந்து, குழந்தையின் அப்பாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் 'உடனே வாங்க' என்று எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினாள். நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளி. ஆள் போய்க் கையிலேயே கொடுத்தான். அவர் அப்போது ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை நீதிபதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சீட்டைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, சாட்சியை முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அழவில்லை. அவளைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போனவர், முழங்காலை மடக்கித் தரையில் கையை ஊன்றிக் கட்டிலுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். பேனா மூடியைத் தொலைப்பது அவருடைய வழக்கம். இந்த நேரத்திலும் பேனா மூடியா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலின் மேலேயே ஒரு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் மின்கட்டணம் பேசினார்கள், முழங்கால் வலி பேசினார்கள், எதிர்வீட்டு நாயைப் பற்றி நிறையப் பேசினார்கள். இவரிடமிருந்து ஒரு வார்த்தை, 'ஐயோ' என்று ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று முதலில் சில வருடம் காத்திருந்தாள். பிறகு, காத்திருப்பது நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"நாற்பத்து மூணாவது கவிதைம்மா" என்று பேராசிரியர் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். "நூலோட சிகரம்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்து, அண்ணாந்து, தட்டச்சு செய்வதைப் போலவே வாசிக்கத் தொடங்கினாள்.

நீ ஆள் அனுப்பியபோது
இன்னொருவனின் சொற்களைச் சுமந்துகொண்டிருந்தேன்.
சீட்டைப் பிரிக்காமல் பையில் வைத்தேன்.
ஒரு வாக்கியம்தான் மிச்சம் என்று நினைத்தேன்;
அதன் பின்னால் இன்னொன்று இருந்தது.
நாற்பது நிமிடம் கழித்து வந்தேன்.
உன் படுக்கையின் சுருக்கங்களை நீவிவிட்டிருந்தார்கள்.
ஒரு காலில் மட்டும் காலுறை,
மஞ்சள் நிறம், விளிம்பில் வாத்து.
மண்டியிட்டேன். தொழுகிறேன் என்று நினைத்தார்கள்.
மற்றதைத் தேடினேன்.
இன்னும் தேடுகிறேன்.

சீட்டு என்ற சொல்லில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உலகத்தில் எத்தனையோ சீட்டு. 'நாற்பது நிமிடம்' என்று வாய் சொன்னபோது மருத்துவமனைச் சுவரில் இருந்த கடிகாரம் கண்முன் வந்து நின்றது. அவள் அந்த நாற்பது நிமிடத்தையும் முள் முள்ளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு கணம் நின்றாள். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம், நடுவில் நிறுத்த விடவில்லை. விரல் ஓடுவதைப் போல வாய் ஓடியது. வாத்து வரைக்கும் போய், மண்டியிட்டு, தேடி, முடித்துவிட்டுத்தான் நின்றது. அவள் ஒலிவாங்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற காலுறை எங்கே இருக்கிறது என்று அந்த அரங்கத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். குழந்தையின் கால் சில்லிட்டபோது தேய்த்துச் சூடாக்குவதற்காக அவள்தான் கழற்றினாள். அவர் தரையில் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அவள் கைக்குள் இருந்தது.

கைதட்டல் எழுந்தது. "பாத்தீங்களா, அம்மா கண்ணே கலங்கிடுச்சு! இதுதான் இறைக்கவிதையோட வல்லமை!" என்றபடி பேராசிரியர் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். அவருக்கு மட்டும் அது சொன்னபடி ஏறியது.

பேராசிரியர் கவிதையைப் பிரித்துப் போட்டார். நாற்பது என்பது சும்மா வந்த எண் அல்ல. வெள்ளப் பெருக்கு நாற்பது நாள், பாலைவன நோன்பு நாற்பது நாள். "நாப்பது நிமிஷம்ங்கறது, ஆன்மா கடக்க வேண்டிய பாலைவனம்!" ஒரு காலில் மட்டும் காலுறை என்பது பாதி துறந்து பாதி துறக்காத மனித நிலை. மஞ்சள் மகிமையின் நிறம். வாத்துக்கு வந்தபோது அவர் குரல் தழுதழுத்தது. "தூய ஆவியைப் புறாவா எல்லாரும் பாடியிருக்காங்க. வாத்தாப் பாடின ஒரே குருவானவர் இவர்தான்! என்ன துணிச்சல்! என்ன எளிமை! கடவுளைக் குழந்தையாக்கிப் பாடறது நம்ம பிள்ளைத்தமிழ் மரபு. நம்ம தமிழைக் கேள்வியே படாத ஒருத்தர் எங்கேயோ மலையில உக்காந்து அதைப் பண்ணியிருக்கார். இதை நான் பாடத்திட்டத்துல சேக்கப் பரிந்துரை செய்வேன்!" மறுபடி கைதட்டினார்கள்.

கமா சார் ஏற்புரை ஆற்றினார். நாற்பத்து மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரைப்புள்ளியின் அவசியத்தைப் பற்றிப் பேசினார்.

அவள் பிஸ்கட் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பிப்ரவரி மாதத்துக்குப் போய்விட்டிருந்தாள். அன்று அவர் கையெழுத்துத் தாளை வழக்கம்போல மேசையில் வைத்துவிட்டுப் போகவில்லை. பின்னாலேயே நின்றார். அவள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ரெண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போகுதுங்க. இடைவெளியக் கொறைச்சு ஒரே பக்கத்துல அடக்கிட்டேன்."

"அடங்கிடுச்சா?"

"அடங்கிடுச்சு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன இருக்கு?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். மழை பெய்து ஓய்ந்த நாள் அது. தொட்டியில் தண்ணீர் நின்றது. அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்து, 'வயசாகுது' என்று நினைத்தாள். அச்சுப்படி வந்தபோது எல்லாப் பக்கமும் அவருடைய சிவப்பு மையில் குளித்திருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் கீறல்கூட இல்லாமல் வந்தது. "இதப் பாக்கலையா?" என்று கேட்டாள். "பாத்தேன்" என்றார். எடுத்துவிடு என்று சொல்லவில்லை. எடுக்கச் சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டியிருக்கும். கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்றவர், ஒரு முழுக் கவிதையைக் கூட்டி அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் படிப்பதற்காகக் காத்து நின்றிருக்கிறார். அவர் அன்று சீட்டைப் பிரிக்காமல் பையில் வைத்தார். இவள் பிரித்து, அழகாக அடித்து, ஓரத்தைச் சீராக்கி, படிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

தலைமை தாங்கிய ஃபாதர் காலிக் கோப்பையுடன் நின்றிருந்தார். எழுபது தாண்டியவர், காதில் கருவி. மேடையில் மொத்தம் நான்கு வாக்கியம் பேசி, அழைப்பிதழில் இருந்தவர்களிலேயே அவள் மரியாதையைப் பெற்ற ஒரே ஆள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். காது கேளாதவர்களின் தாழ்ந்த குரல். மூன்று வரிசைக்குக் கேட்கும். நல்லவேளையாக மூன்று வரிசையும் காலி.

"இந்தப் புத்தகத்த இங்கிலீஷ்ல முப்பது வருஷமா வெச்சிருக்கேன். ராத்திரி ஜெபத்துக்கு முன்னால ஒரு பாட்டுப் படிப்பேன். மொத்தம் அறுபத்தொண்ணு. சார் புத்தகத்துல அறுபத்திரண்டு இருக்கு."

அவள் தேநீரை ஊற்றினாள்.

"அந்தச் சாமியார் வாத்து வளத்தவர்தான். ஆனா நாப்பது நிமிஷமெல்லாம் எழுத வாய்ப்பில்லம்மா. அவர்கிட்டக் கடிகாரமே கிடையாது. மணியடிக்கறதுக்கே வெயிலப் பாத்துத்தான் அடிப்பாராம்." சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பேராசிரியர் பாடத்துல சேக்கணும்ங்கறார். சேத்தா எவனாவது பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாப்பான். சார் பேரு கெட்டுப் போகும். அதான் உங்க காதுல போட்டு வெக்கலாம்னு."

"டைப் பண்ணது நான்தான் ஃபாதர். வேற எங்கயோ இருந்த தாள் கலந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம். சொன்னா அடுத்த பதிப்புல அந்தப் பக்கத்த எடுத்துடுவாங்களேம்மா. எடுக்கலாமா?"

கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை விரிப்பில் இறங்கியது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. ஃபாதர்தான் குடுவையை மெல்ல நிமிர்த்தினார்.

"அது எங்க பொண்ணு ஃபாதர்."

ஆறுதல் சொல்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவர் தட்டில் வழிந்த தேநீரைக் கோப்பைக்குள் திருப்பி ஊற்றி, ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு எண்ணிக்கை எப்பவுமே தகராறும்மா" என்றார் பிறகு. "ஞாயித்துக்கிழமை கோயில்ல எத்தனை பேருன்னு எண்ணினாக்கூட ரெண்டு மூணு தப்பும். அறுபத்திரண்டாத்தான் இருக்கும்." கருவியைக் காதிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த பேராசிரியரைப் பார்த்துப் புன்னகைத்தபடி போனார்.

பேருந்தில் கமா சாருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் நினைவுக் கேடயம். அதில் அவர் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அச்சகக்காரரை அங்கேயே உட்காரவைத்து வகுப்பெடுத்திருப்பார். இன்று அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நாலு நிறுத்தம் வந்தார்.

"ஆறாவது வரியில நிறுத்திட்ட" என்றார் கடைசியில், வெளியே பார்த்துக்கொண்டு. "'நாற்பது நிமிடம்'னு சொல்லிட்டு நின்னுட்ட. அங்க கமா இல்ல."

"இருந்திருக்கணும்" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். நடத்துனர் நிறுத்தத்தின் பெயரைக் கூவினார். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் பேருந்து நகரத் தொடங்கிவிட, "சார், பாத்து, பாத்து" என்று நாலு பேர் குரல் கொடுக்க, சொல்ல வாயெடுத்தது எதுவாக இருந்தாலும் அது பேருந்திலேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் புத்தகத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். புதுப் புத்தகத்தில் முதல் நாளே பிழை பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அவள் முன்னறையில் பழைய தட்டச்சு இயந்திரத்தின் மேலிருந்த உறையை நீக்கினாள். கணினி வந்தபிறகு அதைத் தொட்டு வருடக்கணக்காகிறது. அதன் பெட்டியில், நாடாச் சுருள்கள் வைக்கும் தகர டப்பாவுக்குள், காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். நாடாவின் மை பட்டு மஞ்சளில் ஓர் ஓரம் கறுத்திருந்தது. வாத்துக்கு ஒரு கண் போயிருந்தது. அவள் உள்ளங்கை அதற்குள் முழுதாக நுழையாது. எத்தனை தடவை வீட்டைப் புரட்டிச் சுத்தம் செய்திருக்கிறாள். இந்த டப்பாவை மட்டும் துடைத்து, அப்படியே திருப்பி வைத்திருக்கிறாள். தன்னிடம் ஒன்று இருக்கிறது என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தாள். அவர் தேடவே இல்லை என்று நினைத்திருந்த காலம் அது.

உள்ளங்கையில் அதை மூடிக்கொண்டு படுக்கையறை வாசலுக்குப் போனாள்.

அவர் தரையில் இருந்தார். முழங்காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, கன்னம் தரையில் படும்படி குனிந்து, கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார். விழாவுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை முதுகில் வேர்வையோடு ஒட்டியிருந்தது. கட்டிலின்மேல் புத்தகம் குப்புறக் கிடந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை அவள் கேட்டாள்.

"என்ன தேடறீங்க?"

"பேனா மூடிம்மா" என்றார் கட்டிலுக்கு அடியிலிருந்து. "இங்கதான் விழுந்துச்சு. உருண்டு எங்கயோ போயிடுச்சு."

அவளுக்கும் முழங்கால் மடங்காது. கட்டில் சட்டத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கு அடியில் மத்தியான வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் தூசி பறந்துகொண்டிருந்தது. அவர் கை அதற்குள் போவதும் வெளியே வருவதுமாக, தரையின் ஒவ்வொரு கல்லையும் தடவித் தடவி நகர்ந்தது. அவள் மூடிய கையை மெல்ல வெயிலுக்குள் நீட்டினாள். தடவிக்கொண்டு வந்த அவர் விரல்கள், இன்னும் இரண்டு கல் தள்ளி இருந்தன.